மன்னரின் இடுப்பெலும்பு

எகிப்தின் நகா சித்ர் ஊரில் தவ்ஹீதாவுக்குத் தெரியாத எலும்பு கிடையாது. அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருபத்தேழு வருடம் நின்றவள். கரும்பு வெட்டுகிறவனிலிருந்து கோர்ட்டு நீதிபதி வரை எல்லாரையும் ஒரே குரலில் சட்டையைக் கழற்றச் சொன்னவள். ஊர்த் தலைவர் குதிரையிலிருந்து விழுந்து விலாவை முறித்துக்கொண்டார் என்று ஊரே பேசியபோது, அது குதிரை கொடுத்த முறிவு அல்ல, யாரோ ஆசை தீரக் கட்டையால் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டாள். அதனாலேயே தெருவில் அவளைப் பார்த்தால் பெரிய மனிதர்கள் எல்லாம் கொஞ்சம் அவசரமாகவே வணக்கம் சொல்லிவிட்டு நகர்வார்கள்.

ஐம்பத்தொரு வயது, கனத்த உடம்பு, மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்ளும் முழங்கால். கணவர் பக்ர் ரயில் நிலையத்தில் சிக்னல் பார்ப்பவர். ஒரு நாளைக்கு ஆறு வண்டிதான் வரும் என்பதால் மிச்ச நேரமெல்லாம் பேச்சுக்குத்தான். ஆஸ்பத்திரிச் செய்தி ஏதாவது மனைவியிடமிருந்து கறந்துவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து முயன்று, இதுவரை ஒரு சொட்டுகூடக் கிடைக்காதவர்.

அந்த ஊருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தது என்றால் அது மன்னர்தான். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் மேற்குப் பாறைச் சரிவில் கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு குழியைத் திறந்தார்கள். உள்ளே மரத்தால் செய்த சவப்பெட்டி, அதற்குள் துணி சுற்றிய மம்மி. திருடர்கள் பழங்காலத்திலேயே வந்து போயிருந்தார்கள். பெட்டியின் மேல் எழுதியிருந்ததில் முக்கால்வாசியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது "இரு நாட்டின் அதிபதி" என்ற மூன்றே சொல், பழைய எகிப்து மன்னர்களின் பட்டம். பெயரைத் தின்ற கரையான் பட்டத்தை மட்டும் விட்டுவைத்தது ஊருக்குப் போதுமானதாக இருந்தது. கால்பந்து அணிக்கு 'மன்னர் அணி' என்று பெயர் வைத்தார்கள். அந்த அணி அன்றிலிருந்து இன்னும் நன்றாகத் தோற்றது. கரும்புச்சாறு கடை, முடிதிருத்தும் கடை, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி எல்லாம் 'மன்னர்' ஆயின. ஊர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் மூனிஸ் ஒரு புத்தகமே எழுதினார். அதில் மன்னர் மூன்று போர்களில் வென்றிருந்தார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், பெட்டியின் தோள் அகலத்தைப் பாருங்கள் என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருடக் குளிர்காலத்தில் மாகாண ஆளுநர் ஒரு முடிவு எடுத்தார். மாகாண தினத்தன்று அருங்காட்சியகத்தில் புதிய கூடம் திறப்பது, மன்னரைக் கண்ணாடிப் பேழையில் வைப்பது, தொலைக்காட்சியை அழைப்பது. தலைநகரிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது: இடம் மாற்றுவதற்கு முன் மம்மியை ஆராய வேண்டும், துணியைப் பிரிக்கக் கூடாது. அப்படியென்றால் எக்ஸ்ரேதான். தலைநகரில் இருந்த இயந்திரம் பழுது. பழுது பார்ப்பவர் விடுப்பு. ஆகவே நகா சித்ர் மருத்துவமனையின் சக்கரம் வைத்த எக்ஸ்ரே இயந்திரத்தை இரவல் கேட்டார்கள். அந்த இயந்திரம் இடது பக்கத்தில் ஒரு அறை வாங்கினால்தான் வேலை செய்யும். எந்த இடத்தில், எவ்வளவு பலமாக என்பது தவ்ஹீதாவுக்கு மட்டுமே தெரியும். அதனால் இயந்திரத்தோடு அவளும் இரவல் போனாள்.

கரும்பு ஏற்றும் வண்டியில் இயந்திரத்தைக் கட்டி, அதன் பக்கத்தில் ஈயக் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அவள் அருங்காட்சியகத்துக்கு வந்து இறங்கியபோது, வாசலில் காவலாளி அப்துரப்பு நின்றான். மன்னர் வந்த நாளிலிருந்து அவர் கூடத்துக்குக் காவல் அவன்தான்.

"வாங்கம்மா. பாஷாவுக்கு உடம்பு சரியில்லையா?" மன்னரைத்தான் கேட்டான்; பெரிய மனிதர்கள் எல்லாருமே அந்த ஊரில் 'பாஷா'.

"சரியாத்தான் இருப்பாரு. சும்மா ஒரு படம்."

"நானும் தினம் காலையில கேப்பேன்மா, நல்லாத் தூங்கினீங்களா பாஷான்னு. பதிலே வராது. எங்க டைரக்டர்கிட்ட எது கேட்டாலும் பதில் வராது. அதனால எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா வெயில் காலத்துல இவர் ரூமுதான் குளுகுளுன்னு இருக்கும். சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு இவர் பக்கத்துலயே படுத்துக்குவேன். ஒரு வார்த்தை சொன்னதில்ல. தங்கமான மனுஷன்."

உள்ளே குழு காத்திருந்தது. மூனிஸ் இருந்தார். கெய்ரோவிலிருந்து தொல்லியல் ஆராய்ச்சியாளர் டாக்டர் நதீம் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கையுறை போட்டிருந்தார், ஆனால் எதையும் தொடவில்லை. ஆளுநரின் பிரதிநிதியாக ஓய்வுபெற்ற ஜெனரல் ஷவ்கி வந்திருந்தார். ராணுவத்தில் அவர் பார்த்தது வெங்காயமும் மொச்சையும் மூட்டை மூட்டையாக அனுப்பும் வேலை. ஆனாலும் போர்க்களத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் நடுங்கும்.

"அம்மா, இந்த உடம்புல எத்தனை காயம் இருக்குன்னு ஒண்ணு விடாம எனக்குத் தெரியணும்," என்றார் ஜெனரல். "வேல் குத்து, அம்பு, வாள் வெட்டு எல்லாம். ஆளுநர் உரையில சேக்கணும்."

"இருந்தா தெரியும் பாஷா."

"இருக்கும்."

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் சவப்பெட்டிக்குள் உதிர்ந்து கிடந்த நகைகள் இருந்தன. பொன்னில் செய்த ஏழு சோழி மணிகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். ஜெனரல் தாமே மேற்பார்வை பார்த்து அவற்றைச் சிவப்புக் கயிற்றில் கோத்து, ஒரு மரக் கழுத்தில் மாட்டியிருந்தார். கீழே அட்டை: 'மன்னரின் போர்க் கழுத்தணி.'

தவ்ஹீதா மம்மியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். துணி தேன் நிறத்தில் பழுத்திருந்தது. நெஞ்சில் குறுக்கே கட்டிய கைகள் புடைத்துத் தெரிந்தன. தலைமாட்டில் நின்று, பழக்கத்தில், துணியை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். வலியோடு வரும் எல்லாரையும் அப்படித்தான் தட்டிக்கொடுப்பாள். டாக்டர் நதீம் பதறிப்போய்க் கையுறைக் கைகளைத் தூக்கினார்.

இயந்திரத்துக்கு ஒரு அறை விட்டு, பொத்தானை அழுத்தினாள். 'டப்' என்று ஒரு சத்தம். கூடம் இருண்டது. தெரு இருண்டது. எதிர்க் காப்பிக்கடையில் நாற்பது பேர் ஒரே குரலில் அலறினார்கள். அங்கே தொலைக்காட்சியில் கோப்பைப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது.

மின்சாரம் திரும்ப வர இரண்டு நிமிடம். அடுத்த படத்துக்கும் அதே கதி. இந்த முறை காப்பிக்கடைக்காரரே வாசலுக்கு ஓடி வந்தார்.

"யோவ் அப்துரப்பு! உங்க மன்னரைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுய்யா! பெனால்டி அடிக்கப் போறான், திரை போயிடுச்சு!"

"அறிவியல் ஆராய்ச்சி நடக்குது!" என்று உள்ளிருந்து கத்தினார் மூனிஸ்.

"மூவாயிரம் வருஷமாக் காத்துக்கிட்டிருந்த ஆளுதானே சார்? இன்னும் அரை மணி நேரம் காத்துக்கிட்டா செத்தா போயிடுவாரு?"

கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. ஆட்டம் நிற்கும்போதெல்லாம் காப்பிக்கடைக்காரர் கையைத் தட்டுவார். தவ்ஹீதா பொத்தானை அழுத்துவாள். யாராவது காலில் அடிபட்டு விழுந்தால் மன்னருக்கு ஒரு படம். அன்றைக்கு ஆட்டக்காரர்கள் அடிக்கடி விழுந்தார்கள். மாலைக்குள் பதினாலு படம் முடிந்தது.

படத்தைக் கழுவ இருட்டறை வேண்டும். அருங்காட்சியகத்தில் ஜன்னல் சிறியதாக இருந்த ஒரே அறை கழிப்பறை. அந்த ஜன்னலையும் ஜெனரலின் ராணுவ மேலங்கியால் மறைத்தார்கள். தேடுவது போர்க் காயத்தை என்பதால், அது போர் சம்பந்தமான ஒரு வேலைக்குப் பயன்பட்டது அநேகமாக அதுவே முதல் முறை. வாளிகளில் மருந்தை ஊற்றி, சிவப்பு விளக்கின் கீழ் தவ்ஹீதா ஒவ்வொரு பிலிமாக அலசினாள். துணி காயவைக்கும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். பிறகு மேலங்கியை விலக்கி, சாயும் வெயிலில் முதல் பிலிமைத் தூக்கிப் பிடித்தாள்.

இடுப்பு. அகலக் கிண்ணம் போல விரிந்த எலும்பு. முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடத்தின் கீழே வளைவு, தாராளமாகத் திறந்த வாசல் மாதிரி. இந்த வாசலை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேர் இதன் வழியாகத்தான் வந்தார்கள்.

"அடி என் தாயே," என்றாள் தவ்ஹீதா, சத்தமாகவே. "நீயா?"

அடுத்த படங்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்தாள். முதுகெலும்பு வாடிய கீரைத்தண்டு போல முன்னால் வளைந்திருந்தது. அதில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கி ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. அதைப் பார்த்ததும் அவள் தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். கடைவாய்ப் பல் ஒன்றின் வேரில் கோலிக்குண்டு அளவுக்குச் சீழ்க் குழி. இந்தப் பல்லோடு கடைசி மாதங்களில் ரொட்டி மென்றிருக்க முடியாது, கஞ்சிதான். அறுபது வயதாவது இருக்கும். வேல் குத்து இல்லை. அம்பு இல்லை. வாளும் இல்லை.

ஆனால் பொன் இருந்தது. பிலிமில் எலும்பு சாம்பல் கலந்த வெள்ளை. பொன் மட்டும் பளிச்சென்ற வெள்ளை. பத்து விரல் நுனியிலும் தொப்பி போட்டது மாதிரிப் பொன் உறை. நெஞ்சில் வண்டு வடிவக் கல் பதித்த பதக்கம். இடது வயிற்றில், குடலை எடுத்த வெட்டை மூடிய தகடு. வலது தொடையோரம் வட்டமாக ஒரு உலோகத் தட்டு, அதற்கு ஒரு கைப்பிடி. இடுப்பைச் சுற்றி, வலப்பக்கம் மட்டும், எட்டுச் சோழிகள் வரிசையாக. இடப்பக்கம் வெறுமை. திருடன் அந்தப் பக்கமாகத்தான் கையை விட்டு இழுத்திருக்கிறான்; கயிறு அறுந்து ஏழு மணி பெட்டிக்குள் உதிர்ந்திருக்கிறது.

ஈரப் பிலிம்களைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். மூவரும் ஜன்னல் பக்கம் கூடினார்கள்.

"இதோ ஆயுதம்!" ஜெனரல் பிலிமைக் குத்தினார். "கதாயுதம்! தொடையோரம், எடுக்கத் தோதா! நான் சொன்னேனா இல்லையா?"

"பாஷா, அது முகம் பாக்குற கண்ணாடி," என்றாள் தவ்ஹீதா. "செம்புல செஞ்சது. உங்க மூணாவது அலமாரியில அதே மாதிரி ரெண்டு இருக்கே, அட்டையில போட்டிருக்கீங்களே."

"போருக்குப் போற மன்னர் எதுக்கும்மா கண்ணாடி எடுத்துட்டுப் போறாரு?"

"அவர் போருக்குப் போகல பாஷா. அவர் அவரே இல்ல. இது பொம்பளை. வயசான அம்மா."

மூலையில் நின்ற அப்துரப்பு "யா அல்லாஹ்!" என்று சொல்லிச் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டான்.

மூனிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். "பெட்டியில எழுதியிருக்கே, அதிபதின்னு?"

"பெட்டி அவரோடதா இருக்கலாம் உஸ்தாத். உள்ள இருக்கிறது அவர் இல்ல. எங்க ஆஸ்பத்திரியிலயும் போன மாசம் ஹாஜி ஒருத்தரோட பைலுக்குள்ள வேற ஒரு அம்மாவோட படம் இருந்துச்சு."

உண்மையில் அது நடக்கக்கூடியதுதான். திருட்டுக்குப் பயந்த பழங்காலப் பூசாரிகள் அரச உடல்களை அள்ளி, கிடைத்த பெட்டியில் போட்டு வேறு குழிகளில் ஒளித்திருக்கிறார்கள். டாக்டர் நதீமுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் நகைகள் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அளவுகோலை வைத்துச் சோழி மணியை அளந்தார். பிலிமில் இருந்ததோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே வடிவம். மணியைக் குலுக்கினார். உள்ளே சின்ன உருண்டை ஏதோ கிடந்து கிணிகிணி என்றது. நடக்கும்போது ஒலிப்பதற்காக அரச குடும்பத்துப் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொண்ட ஒட்டியாணம். போர்க் கழுத்தணி என்ற அட்டை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றீங்க டாக்டர்?" என்றார் மூனிஸ்.

"ஒரு வகையில பாத்தா அந்தம்மா சொல்றதும் சரிதான்," என்றார் நதீம். "இன்னொரு வகையில பாத்தா, அப்படிச் சொல்ல முடியாது."

"நாம எந்த வகையில பாக்குறோம்?"

"ஆளுநர் எந்த வகையில பாக்குறாரோ."

அப்போதுதான் படிவம் வந்தது. மருத்துவமனை இயந்திரத்தில் எந்தப் படம் எடுத்தாலும் ஒரு படிவம் நிரப்பித் தவ்ஹீதா கையெழுத்துப் போட வேண்டும். பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினாள். வயது, 'சுமார் அறுபது'. ஆணா பெண்ணா என்ற இடத்தில் 'பெண்'. ஜெனரல் படிவத்தைப் பிடுங்கிப் படித்தார்.

"இதை அடிச்சிட்டு 'ஆண்'னு போடும்மா. இல்லேன்னா 'தெளிவில்லை'ன்னு போடு. ஒரு வார்த்தைதானே."

"தெளிவாத்தான் இருக்கு பாஷா."

"ஆளுநர் பேச்சு அச்சடிச்சாச்சு. சுவரொட்டி ஒட்டியாச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க மன்னர் பாட்டு பாடிப் பழகியாச்சு. உன் ஒரு வார்த்தைக்காக எல்லாத்தையும் மாத்தணுமா?"

தவ்ஹீதா வீராங்கனை அல்ல. மேலதிகாரி உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, எழச் சொன்னால் எழுந்தே காலம் தள்ளியவள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், களைப்பில், ஒரு பிலிமில் 'இடது' என்று ஒட்ட வேண்டிய எழுத்துக்குப் பதில் 'வலது' என்று ஒட்டிவிட்டாள். கரும்பு வெட்டும் ஒரு ஆளுக்கு நல்ல முழங்காலைத் திறந்துவிட்டார்கள். அந்த ஆள் பிறகு இரண்டு காலாலும் நொண்டினான். யாரும் அவளைத் தண்டிக்கவில்லை. அந்த ஆளே, "விடும்மா, கடவுள் எழுதினது," என்று சொன்னான். அது கடவுள் எழுதியதல்ல, தான் ஒட்டியது என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பிலிமின் மேல் போடுகிற ஒரு எழுத்தையும் அவள் யாருக்காகவும் மாற்றியதில்லை.

"நான் எழுதினா எழுதினதுதான் பாஷா," என்றாள். "வேணும்னா வேற ஆளை வெச்சு வேற படம் எடுத்துக்கோங்க. மிஷினை எங்க அடிக்கணும்னு சொல்லித் தரேன்."

வேறு ஆள் கிடைக்கவில்லை. படிவமும் பதினாலு பிலிமும் ஒரு உறைக்குள் போயின. உறையின் மேல் 'ரகசியம்' என்று முத்திரை விழுந்தது. ஒரு வாரத்தில் தவ்ஹீதாவுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது: ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்ன சுகாதார நிலையம். காரணம், 'நிர்வாக நலன்'.

வீட்டில் பக்ர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உம் ஹில்மி, நம்ம மன்னர் பொம்பளையாமே?" ஹில்மியின் அம்மா என்று, அந்தப் பக்கத்து வழக்கப்படி, மகன் பெயரால்தான் அவளைக் கூப்பிடுவார்.

"யார் சொன்னா?"

"ஸ்டேஷன்ல சீட்டு கிழிக்கிறவன் சொல்றான். அவனுக்கு அப்துரப்பு சொன்னானாம். அந்த ஆளு இப்போ கதவைத் தட்டாம கூடத்துக்குள்ள போறதில்லையாம், புதுச் சட்டை வாங்கிட்டானாம். மூவாயிரம் வருஷ ரகசியத்தைக் கண்டுபிடிச்ச பொம்பளையோட ஒரே பாய்ல படுக்கிறேன், எனக்குச் செய்தி சீட்டு கிழிக்கிறவன்கிட்டேருந்து வருது!"

"மொச்சை ஆறிப்போவுது, சாப்பிடுங்க அபூ ஹில்மி."

"அக்கரைக்கு மாத்திட்டாங்களாமே? அதையாவது உன் வாயால சொல்லலாம்ல?"

"அதான் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே," என்றாள். ஆனால் அன்றைக்குத் தட்டில் கைவைத்தவள் சாப்பிடவில்லை. இருபத்தேழு வருடமாகத் தன் கைபட்டுப் பளபளத்த அந்தச் சுவிட்சை நாளையிலிருந்து வேறு யாரோ தொடுவார்கள். பக்ர் அதைக் கவனித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இருந்தார்.

மாகாண தினம் வந்தது. கூடம் முழுக்க விளக்கு. வாத்தியக் குழு, பள்ளிப் பிள்ளைகள், செம்பருத்திச் சர்பத், தொலைக்காட்சிக் கேமரா. இயந்திரத்தை இரவல் தந்த வகையில் மருத்துவமனைக்கு நான்கு அழைப்பிதழ்கள் வந்திருந்தன. அவற்றில் ஒன்று தவறுதலாகத் தவ்ஹீதா பெயருக்கே வந்திருந்தது. அவள் பின்வரிசையில் நின்றாள். ஆளுநர், வேல்குத்து வாங்கியும் வாளைக் கீழே போடாத மன்னரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஜெனரல் இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆளுநரின் மனைவி நாஸ்லி ஹானிமும், அதாவது நாஸ்லி சீமாட்டியும், வந்திருந்தார். அவருக்குப் போரில் ஆர்வம் இல்லை, நகையில் உண்டு. உரை நடந்துகொண்டிருக்கும்போதே கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போய்விட்டார். உரை முடிந்து கைதட்டல் ஓய்ந்த அந்த ஒரு நொடி அமைதியில் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏங்க, இது ஒட்டியாணம் இல்ல? இதை ஏன் கழுத்துல மாட்டி வெச்சிருக்காங்க?"

கேமரா திரும்பியது.

"போர்க் கழுத்தணி, ஹானிம்," என்றார் மூனிஸ், நா வறண்டுபோய்.

"என்ன போர்? சோழிங்க இது, சோழி! பிள்ளைப்பேறுக்குன்னு பொம்பளைங்க கட்டுறது. பொன்னுல இருந்தா மட்டும் அது வேற ஆயிடுமா? எந்த ஆம்பளை இதைக் கட்டிக்கிட்டு சண்டைக்குப் போவான்? கிணிகிணின்னு சத்தம் கேட்டு எதிரி ஓடிப்போகவா?"

பள்ளிப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆளுநரும் சிரித்தார், மனைவி பேசினால் முதலில் சிரித்துவிடுவது அவருக்கு வழக்கம். பிறகு குழுவைப் பார்த்தார்.

"அப்போ இவர் ராணியா?"

"ஒரு வகையில பாத்தா," என்று டாக்டர் நதீம் முன்னால் வந்தார், "ராணின்னுதான் சொல்லணும்."

"அதைத்தான் நாங்க ஒன்றரை மாசத்துக்கு முன்னாடியே எக்ஸ்ரே எடுத்து நிரூபிச்சோம் பாஷா!" மூனிஸுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "தங்கள் திருவாயால அறிவிக்கணும்னுதான் ரகசியமா வெச்சிருந்தோம்!"

"வீர ராணி!" என்று முழங்கினார் ஜெனரல். "கையில கதாயுதத்தோட!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. பதினாலு பிலிமும் ஒரு கையெழுத்தும் செய்ய முடியாததை ஹானிமின் ஒரு கேள்வி செய்து முடித்துவிட்டது. பின்வரிசையில் தவ்ஹீதா சர்பத்தைக் கையில் வைத்தபடி நின்றாள். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவளுக்கே புரியவில்லை. கடைசியில் சர்பத்தைக் குடித்தாள்; நன்றாகவே இருந்தது. அப்துரப்பு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் காதில் சொன்னான்:

"நீங்கதான்மா முதல்ல சொன்னது. நான் யார்கிட்ட வேணா சாட்சி சொல்றேன்."

"யாரும் கேக்க மாட்டாங்க, விடு."

ஒரு மாதத்துக்குள் கரும்புச்சாறு கடை 'ராணி' ஆனது. முடிதிருத்துகிறவர் மட்டும், ஆண்கள் வர மாட்டார்கள் என்று பழைய பலகையையே வைத்துக்கொண்டார். கால்பந்து அணி கூட்டம் போட்டு மூன்று மணி நேரம் சண்டையிட்டு, மன்னராகவே தொடர்ந்து தோற்பது என்று தீர்மானித்தது. டாக்டர் நதீம் வெளிநாட்டு இதழில் கட்டுரை எழுதி விருது வாங்கினார். படங்களை எடுத்தவர் என்ற இடத்தில் 'உள்ளூர் மருத்துவமனை' என்று இருந்தது.

இடமாற்றம் ரத்தாகும் என்று பக்ர் நம்பினார். மனைவியை இழுத்துக்கொண்டு மூனிஸிடம் போனார். மூனிஸ் நல்ல தேநீர் கொடுத்தார், மிகவும் வருத்தப்பட்டார்.

"உங்க மேல தப்பே இல்ல, தவ்ஹீதாம்மா. எனக்குத் தெரியாதா? ஆனா இந்த உத்தரவை ரத்து பண்ணணும்னா, தப்பு உங்களோடது இல்லைன்னு எழுதணும். அப்படி எழுதினா, பின்ன யாரோடதுன்னு ஒரு கட்டம் இருக்கு படிவத்துல. அந்தக் கட்டத்துல போட ஆள் கிடைக்கல."

"வெறுமையா விடுங்களேன்," என்றார் பக்ர்.

"வெறுமையா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க."

ஆக, ஒன்பது வருடம் தவ்ஹீதா அக்கரையில் வேலை பார்த்தாள். தினமும் காலையில் படகு, சாயங்காலம் படகு. முதல் வருடம் வெறுத்தாள். இரண்டாம் வருடம் படகில் முட்டைக்கோசு விற்கப் போகும் பெண்களோடு பழக்கமாகி, முழங்கால் வலிக்கு என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அக்கரையின் எலும்புகளும் அவளுக்கு அத்துபடி ஆயின. அங்கேயும் யாரைப் பற்றியும் யாரிடமும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற வருடத்து வசந்தத் திருநாளில், பச்சை வெங்காயமும் உப்பு மீனும் பொட்டலம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிற வழியில், பக்ர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டார். அவளும் பின்னால் போனாள். கூடத்தில் நல்ல கூட்டம். பேழையின் பக்கத்தில் ஜெனரல் ஷவ்கி நின்றிருந்தார்; இப்போது அவர் சம்பளம் வாங்காத வழிகாட்டி. வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே நடுங்கியது.

"இருபத்தஞ்சே வயசு! நிலா மாதிரி முகம்! முத்துப் பல்வரிசை! குதிரை மேல ஏறி எதிரிப் படையில பாஞ்சவ, நெஞ்சுல வேல் வாங்கி…"

பக்ர் மனைவியின் விலாவில் இடித்தார். "உம் ஹில்மி! உன் படத்துல அப்படியா இருந்துச்சு? இருபத்தஞ்சா? சொல்லு, இப்பவாவது சொல்லு! எல்லார் முன்னாலயும் சொல்லேன்!"

தவ்ஹீதா பேழையைப் பார்த்தாள். துணிக்குள் முதுகு வளைந்து, பல் அழுகி, முழங்கால் தேய்ந்து கிடக்கிறவளை அவளுக்குத் தெரியும். ஜெனரலைப் பார்த்தாள். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தாள்.

"நான் எழுதினது உறைக்குள்ள பத்திரமா இருக்கு," என்றாள். "வெளிய இவர் முப்பத்தஞ்சு வருஷம் குறைச்சுச் சொல்றாரு. அதுக்கு எந்தப் பொம்பளை புகார் குடுப்பா? வாங்க, மீன் நாறுது, எல்லாரும் நம்மையே பாக்குறாங்க."